பாராமல் வைக்கும் அடி: காரீயமும் கொல்லாமையும்

கொல்லாமை என்னும் அறத்தை நாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் உயிரையும் கையால் செய்யும் செயலையும் கொண்டே எண்ணிப் பார்க்கிறோம். புலால் உண்ணாமை, இரவில் உண்ணாமை, நீரை வடித்துப் பருகுதல் முதலிய ஒழுக்கங்களை நம் இல்லங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. எனினும், கண்ணுக்குப் புலப்படாமலும், யாருடைய நெஞ்சிலும் தீய எண்ணம் இல்லாமலும், நம் வீட்டுக்குள்ளேயே ஒரு குழந்தைக்குக் கேடு விளையுமானால் அக்கேட்டிற்குப் பொறுப்பு யாருடையது? எண்ணாது செய்த தீங்கும் ஹிம்சையாகுமா? இக்கட்டுரையில் நாம் சிந்திக்க விழைவது இவ்வினாவையே.

வினா புதியதன்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாகப் புறப்படும் கவுந்தியடிகள், நடக்கத் தொடங்குமுன்னரே ஓர் எச்சரிக்கை செய்கிறார். நீர்க்கரை வழியே செல்லும்போது நண்டையும் நத்தையையும் அறியாமல் மிதித்துவிடுதல் கூடும். அதனால் வரும் துன்பம் தாங்க முடியாதது என்பது அதன் கருத்து. அவ்வாறு நடந்து அவர்கள் சேர்ந்த இடம் திருவரங்கம். அங்குச் சாரணரைக் கண்டு தொழுதபின், ஓடமேறிக் காவிரியின் தென்கரை சேர்ந்து, உறையூரை அடைந்தனர். இன்று நாம் ஸ்ரீரங்கம் என்றும் திருச்சிராப்பள்ளி என்றும் வழங்கும் ஊர்கள் அவ்வழியில் உள்ளவையே. மலைக்கோட்டைக் குன்றில் சமண முனிவர் தவமிருந்த கற்படுக்கைகள் இன்றும் உள. கவுந்தியடிகள் அங்கே அஞ்சியது கொல்லும் எண்ணத்தை அன்று. பாராமல் வைக்கும் அடியை.

அதே ஊர்களில் இன்று வாழும் நாம் பாராமல் வைக்கும் அடிகள் எவை? பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். அது காரீயம். இந்த உலோகம் குழந்தைகளின் உடலில் சேர்ந்து அவர்தம் அறிவு வளர்ச்சியைக் குறைக்கிறது என்பது இன்று மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட செய்தி.

ஈயம் என்னும் ஒரு சொல்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ஈயம் என்னும் ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆக வேண்டியது. பித்தளைப் பாத்திரத்திற்கு நவச்சாரம் இட்டுத் தேய்த்துப் பூசுவதும் வெள்ளீயமே. அதனால் உணவுக்குக் கேடில்லை. காரீயமோ நஞ்சு. ஆயினும் இரண்டும் மென்மையானவை. இரண்டும் எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலும், காரீயம் 327 பாகையிலும் உருகும். இரண்டையும் கலந்து வார்த்தால் பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைப் போலப் பன்மடங்கு. ஆகவே, கலப்படத்திற்கு வேண்டிய தூண்டுதல் அந்த விலையிலேயே இருக்கிறது.

திருச்சி பெரிய கடைவீதியிலோ, ஸ்ரீரங்கத்துக் கடைகளிலோ, கும்பகோணத்திலோ ஒரு சொம்பை வாங்கும்போது கடைக்காரர் "சுத்த ஈயம்" என்று கூறுவார். எந்த ஈயம் என்று நாம் கேட்பதில்லை. புளியும் தக்காளியும் சேர்ந்த ரசம் புளிப்புடையது. பாத்திரத்தில் காரீயம் கலந்திருந்தால் அப்புளிப்பு அதனைக் கரைத்து உணவில் சேர்க்கும். ரசத்தின் சுவையிலோ நிறத்திலோ மாற்றம் எதுவும் தோன்றாது. நீரை வடிகட்டும் நம் துணியும் இங்கே உதவாது. நுண்ணுயிரைத் தடுக்கும் துணி கரைந்த உலோகத்தைத் தடுப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

உடலில் நிகழ்வது

காரீயத்தால் மனித உடலுக்கு எப்பயனும் இல்லை. அது சுண்ணாம்புச் சத்தின் வேடம் பூண்டு உடலுக்குள் நுழைகிறது எனலாம். எலும்பிலும் பல்லிலும் படிந்து பல ஆண்டுகள் தங்குகிறது. பெண் கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து வெளிப்படும்போது, அதனுடன் முன்பு படிந்த காரீயமும் வெளிவந்து கருவிலுள்ள குழந்தையைச் சேர்கிறது. தாய் தன் சிறுவயதில் பெற்ற நஞ்சு, அவளறியாமலே பிள்ளைக்குச் சென்றுவிடுகிறது.

ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் சென்றால், பெரியவரைக் காட்டிலும் சிறு குழந்தையின் உடல் நான்கு அல்லது ஐந்து மடங்கு மிகுதியாக அதனை உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தவழும் குழந்தை தரையைத் தொடுகிறது. தொட்ட கையை வாயில் வைக்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தையின் உடல் இன்னும் மிகுதியாக ஏற்கிறது. ஆகவே, வறிய வீட்டுக் குழந்தைக்கே தீங்கு பெரிது.

இத்தீங்கின் கொடுமை அதன் மௌனத்தில் உள்ளது. மிகப் பெரிய அளவில் சேர்ந்தால் வலிப்பும் மயக்கமும் மரணமும் நேரும். சிறிய அளவில் சேர்ந்தாலோ காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குழந்தை பாடத்தில் சற்றே பின்தங்கும், கவனம் நிலைக்காது, சினம் மிகும். "படிப்பு வரவில்லை, குறும்பு அதிகம்" என்று நாம் அதனைக் கடிந்துகொள்வோம். தீங்கு செய்தது ஒன்றாயிருக்க, பழி சுமப்பது குழந்தையாகிறது. இழந்த அறிவை மருந்தால் மீட்கவும் இயலாது. உடலிலுள்ள காரீயத்தின் அளவைக் குறைக்கும் மருந்து உண்டு. ஆனால், அம்மருந்தை உட்கொண்ட குழந்தைகளின் அறிவுத்திறன் அதனால் உயரவில்லை என்பதை அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே வருமுன் காத்தல் ஒன்றே வழி.

இரத்தத்தில் எவ்வளவு காரீயம் இருந்தால் கேடில்லை என்று கேட்போமாயின், அங்ஙனம் பாதுகாப்பான அளவு ஒன்று அறியப்படவில்லை என்பதே விடை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கவனத்திற்குரிய அளவாக 1991-இல் ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற்கு 10 மைக்ரோகிராம் என்று வைத்தது. 2012-இல் அதனை 5 ஆகவும், 2021-இல் 3.5 ஆகவும் குறைத்தது. டெசிலிட்டர் என்பது 100 மில்லி லிட்டர். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வு நுண்மையாக ஆக, தீங்கின் எல்லை கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அறிந்தவர் செய்தது

இவ்வுண்மை நேற்று இன்று தெரிந்ததன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குழந்தைகள் நோயுறுவதற்கு வீட்டுத் தாழ்வாரக் கைப்பிடிகளில் பூசிய வண்ணமே காரணம் என்று 1904-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் எடுத்துரைத்தார். அதன் பின்னரே, 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் காரீயக் கூட்டுப்பொருளைச் சேர்த்தால் எஞ்சின் சீராக ஓடும் என்று கண்டார். 1924-இல் அப்பொருளைத் தயாரித்த நியூ ஜெர்சி ஆலை ஒன்றில் ஐந்து தொழிலாளர் மனங்கலங்கி இறந்தனர். மறு ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் எச்சரித்தனர். எனினும் விற்பனை நிற்கவில்லை. தொழில் தரப்பு மருத்துவரான ராபர்ட் கீஹோ, காரீயம் இயற்கையாகவே உடலில் இருப்பதென்றும், தீங்கு உண்டு என்போர் அதனை முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்றும் பல்லாண்டுகள் வாதிட்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைத் திரட்டி அவற்றிலுள்ள காரீயத்தை அளந்தார். அளவு மிகுந்த பிள்ளைகள் அறிவுத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர். வகுப்பில் கவனமும் குறைந்தே இருந்தது. பெட்ரோலிலிருந்து காரீயம் படிப்படியாக நீக்கப்பட்டது. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-இலும், நாடு முழுவதும் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் காரீயமற்ற பெட்ரோல் வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் அதனைக் கைவிட்டது. கண்டறிந்த நாளிலிருந்து கைவிட்ட நாள் வரை நூறு ஆண்டுகள்!

இந்நூறு ஆண்டு வரலாற்றில் இரண்டு மனநிலைகள் எதிரெதிரே நிற்பதைக் காண்கிறோம். "தீங்கென்று நீ மெய்ப்பித்துக் காட்டு, அதுவரை நான் நிறுத்தேன்" என்பது ஒன்று. "தீங்கில்லை என்று தெரியும்வரை நான் அடி வைக்கத் தயங்குவேன்" என்பது மற்றொன்று. முனிவர்க்குரிய ஈர்யா சமிதி, முன்னுள்ள நிலத்தைப் பார்த்து அடி வைப்பது. அது இரண்டாம் மனநிலையின் வடிவம். முதல் மனநிலை சட்டத்திற்குப் போதுமானதாக இருக்கலாம். அறத்திற்குப் போதாது.

நம் நாட்டு நிலை

பெட்ரோல் மாறியதும் இடர் தீர்ந்ததா என்றால், இல்லை. காரீயம் மக்கிப் போகும் பொருளன்று. 2000-ஆம் ஆண்டு வரை வண்டிகள் கக்கிய புகையிலிருந்து சாலையோர மண்ணில் படிந்தது தானாக அழிந்துவிடுவதில்லை. பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை 1990-களின் இறுதியில் இந்திய நகரங்களில் நடத்திய பரிசோதனையில், சிறுவர்களுள் பாதிப்பேருக்கு மேல் 10 மைக்ரோகிராம் அளவைத் தாண்டியிருந்தனர். பின்னர், சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. அவர்களது சராசரி அளவு 11 மைக்ரோகிராமுக்கும் மேல். அளவு கூடிய பிள்ளைகளிடம் கவனக் குறைவும் அமைதியின்மையும் மிகுந்திருந்ததை அவர்தம் ஆசிரியர்களின் மதிப்பீடுகளே காட்டின.

யூனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் உள்ளதென மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் அவ்வெண்ணிக்கை 27 கோடிக்கும் மேல். செல்வம் மிக்க நாடுகள் இத்தீங்கைப் பெருமளவு கடந்துவிட்டன. அமெரிக்கச் சிறுவரின் சராசரி அளவு 1970-களின் பிற்பகுதியில் 15 மைக்ரோகிராமாக இருந்து, பின்னர் 1-க்கும் கீழே இறங்கிவிட்டது. வளரும் நாடுகளிலோ அது வேறு வாயில்கள் வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாயில் பெயின்ட். பளிச்சிடும் மஞ்சள், சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட்களில் காரீயச் சேர்மங்கள் நெடுங்காலம் சேர்க்கப்பட்டன. 2016-இல் மத்திய அரசு விதி வகுத்து, வீட்டுப் பெயின்ட்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்றது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் உள்ள பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். திண்ணைத் தூண்கள், அழிக்கம்பிகள், மரக் கதவுகள் ஆகியவற்றில் ஆண்டுதோறும் பூசிய அடுக்குகள் பல இருக்கும். பொங்கலுக்கு முன் அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழும் தூசி எந்த ஆண்டுப் பெயின்டின் தூசி என்று யாரும் பார்ப்பதில்லை. அருகில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்.

மற்றொரு வாயில் மஞ்சள். மழையில் நனைந்து நிறம் மங்கிய கிழங்கிற்குக் காரீய குரோமேட் என்னும் மஞ்சள் நிறப்பொருளைப் பூசி மெருகேற்றும் வழக்கம் வங்காள தேசத்தில் கண்டறியப்பட்டது. 2024-இல் வெளியான தெற்காசிய ஆய்வு, பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய நகரங்களின் மாதிரிகளில் மிக அதிக அளவைக் காட்டியது. மூன்றாவது வாயில் பாத்திரம். ஈயச்சொம்பை முன்பே கூறினோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில், இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கசியக்கூடும் என்று எச்சரித்தது. இவையன்றி, சுர்மா என்னும் கண்மையும், செந்நிறக் காரீயம் கலந்த சில செந்தூரங்களும், தூய்மை செய்யப்படாத உலோக மருந்துகளும் உள. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14-இல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததென 2004-இல் வெளியான ஆய்வு கூறிற்று.

அறியாமை குற்றமாகுமா?

இப்போது நம் வினாவிற்கு வருவோம். "நம் பாட்டி அந்தச் சொம்பில்தான் ரசம் வைத்தார். அன்போடு செய்தார். அதில் பாவம் எங்கே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதோடு நிற்கவில்லை. அந்த ஊறு பிரமாதத்தால் நேர்வதே ஹிம்சை என்கிறது. இன்று பேச்சுவழக்கில் பிரமாதம் என்றால் வெகு சிறப்பு என்று பொருள்படுகிறது. ஆகமத்தில் அதன் பொருள் சோர்வு, விழிப்பின்மை, கவனக்குறைவு என்பதாம். திருக்குறளும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையே இதற்கு வகுத்துள்ளது. இவ்விலக்கணத்தின்படி நோக்கினால், அறியாமையில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, அறிய இயலாத அறியாமை. பாட்டியின் நிலை அது. அவர் காலத்தில் அவர் ஊரில் அதனைச் சொல்வார் எவரும் இல்லை. ஊறு நேர்ந்திருக்கலாம், ஆனால் சோர்வு இல்லை. அவரைக் குறை கூறுதல் தகாது. இரண்டாவது, அறிய இயன்றும் அறிய முயலாத அறியாமை. செய்தி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்கவும் சோதிக்கவும் வழி இருக்கிறது. இருந்தும் "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடுகிறோம். இதுவே பிரமாதம். மூன்றாவது அறியாமையே அன்று, தெரிந்தே செய்வது. மஞ்சளுக்கு நிறமேற்றுபவரும், வெள்ளீயத்தில் காரீயம் கலப்பவரும் அந்நிலையினர். ஒத்த பொருளைக் கலந்து நல்லதெனக் காட்டி விற்பதைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாகச் சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரம் எண்ணுகிறது. எடைக் கள்ளத்தோடு ஒருங்கே வைத்து எண்ணப்படும் குற்றம் அது. அதன் விலையை இன்று குழந்தையின் அறிவு கொடுக்கிறது.

காலம் செல்லச் செல்ல, முதல் நிலையில் இருந்தவை இரண்டாம் நிலைக்கு வந்துவிடுகின்றன என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. நேற்று குற்றமற்றதாக இருந்த அதே செயல், அறிவு பரவிய பின்னர் குற்றமுடையதாகிறது. அறிவு வளர்வதால் அறத்தின் எல்லையும் விரிகிறது. எனவே அறிந்துகொள்ள முயல்வதே அகிம்சையின் ஒரு கூறாகிவிடுகிறது.

"அப்படியானால் எதைத் தொடவும் அஞ்சியல்லவா வாழ வேண்டும்?" என்று மற்றொருவர் கேட்கக்கூடும். கவுந்தியடிகள் நண்டுக்கும் நத்தைக்கும் அஞ்சிப் பயணத்தை விட்டுவிடவில்லை. பார்த்து நடந்து மதுரை வரை சென்றார். விழிப்பு என்பது அச்சமன்று. அச்சம் காலைக் கட்டும், விழிப்பு கண்ணைத் திறக்கும்.

பிழைப்பும் பொறுப்பும்

இன்னொரு வினா இதனினும் கடினமானது. நம் வீட்டு இன்வெர்ட்டரிலும் வண்டியிலும் உள்ள பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயமே. பயன் தீர்ந்ததும் அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் எடைக்குப் போடுகிறோம். அவர் கைமாற்றுகிறார். எங்கோ ஊர்ப்புறத்தில் ஒருவர் அதனை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தட்டுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார். புகையும் தூசியும் அவர் வீட்டிலேயே படிகின்றன. மாலையில் அதே உடையோடு பிள்ளையைத் தூக்குகிறார். செனகல் நாட்டின் தியாரோயே என்னுமிடத்தில் இவ்வாறு பேட்டரிக் கழிவு கையாளப்பட்டதால் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் 18 குழந்தைகள் இறந்தனர். நைஜீரியாவின் சாம்ஃபராவில் 2010-இல் காரீயம் கலந்த தங்கத் தாதுவை வீடுகளில் இடித்துப் பொடித்ததால் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

அந்த உருக்குபவரைக் குற்றவாளி என்று கூறிவிடுவது எளிது. அவருக்கு அது பிழைப்பு. இல்லறத்தார்க்குத் தொழிலில் நேரும் ஹிம்சையை முற்றும் விலக்க இயலாது என்பதை உணர்ந்தே நம் ஆசாரியர்கள் உத்தியோக ஹிம்சை என அதனைத் தனியே பிரித்தனர். இயன்றவரை குறைக்குமாறு பணித்தனர். ஆனால் இங்கே தொழில் அவருடையது. மின்விசிறியின் காற்று நம்முடையது. நம் வசதியின் கடைசிப் பகுதி அவர் குழந்தையின் உடலில் முடிகிறது. பழைய பேட்டரிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நூறு, இருநூறு ரூபாயை எண்ணி அவரிடம் கொடுத்துவிட்டு, பின்விளைவு அவர் வினை என்று சொல்லுதல் தகுமா? பாத்திரத்திற்கு ஈயம் பூச வருபவரிடம் பேரம் பேசி விலையை அடித்துவிட்டால், அவர் எந்த ஈயம் வாங்கிப் பூசுவார் என்பதையும் நாமே தீர்மானித்தவராகிறோம். ஆகவே பழி ஒருவர் மேல் நிற்பதன்று. செய்பவர், செய்விப்பவர், உடன்படுபவர் என மூவர்க்கும் பங்குண்டு என்னும் நம் அறநூற் கொள்கை இங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

செய்யத்தக்கவை

அறம் செயலில் முடிய வேண்டும். இல்லத்தில் செய்யக் கூடியவை அரியனவல்ல. ஈயச்சொம்பு வாங்கினால் "வெள்ளீயம்" என்று எழுதிய ரசீதோடு நம்பிக்கையான கடையில் வாங்குவோம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத சொம்பைச் சோதித்துப் பார்க்கும்வரை சமையலுக்குப் பயன்படுத்தாமல் நினைவுப் பொருளாக வைத்திருக்கலாம். மூத்தோர் மேல் கொண்ட அன்பு அதனால் குறையாது. புளிப்புள்ளவற்றை எவர்சில்வர் பாத்திரத்தில் சமைப்பது நன்று. கண்ணைப் பறிக்கும் நிறமுடைய மஞ்சளை விடுத்து, இயல்பான நிறமுடையதைத் தேர்வோம். மஞ்சளில் காரீயத்திற்கு நம் நாட்டுச் சட்டம் வைத்த வரம்பு பத்து லட்சத்தில் 10 பங்கு.

பழைய பெயின்டைத் தேய்க்கும்போது நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்புறப்படுத்தி, தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உண்ணுமுன் குழந்தையின் கையைக் கழுவுவித்தலும், தரையை ஈரத்துணியால் துடைத்தலும் சிறு செயல்கள், பயன் பெரிது. வெறும் வயிற்றில் காரீயம் மிகுதியாக உறிஞ்சப்படும் என்பதால் பிள்ளைகள் காலை உணவைத் தவிர்க்கலாகாது. கேழ்வரகு, முருங்கைக் கீரை, பயறு வகைகள் ஆகியன சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் தந்து காக்கும். பேட்டரி, உலோக உருக்கு, பெயின்ட் தொழில்களில் இருப்போர் வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவராமல் குளித்து உடை மாற்றி வருதல் வேண்டும். ஐயம் தோன்றினால் மருத்துவரிடம் குழந்தையின் இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்குமாறு கேட்கலாம்.

தனி வீட்டால் இயலாதவையும் உள. ஒரு பிடி மஞ்சளில் நஞ்சுண்டா என்று கண்ணால் காண முடியாது. வங்காள தேசத்தில் 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளுள் 47 விழுக்காட்டில் காரீயம் காணப்பட்டது. அரசும் ஆய்வாளரும் சேர்ந்து, கருவி கொண்டு சந்தையிலேயே சோதித்து, கலந்தவர்க்குத் தண்டம் விதித்து, மக்களுக்கும் வணிகர்க்கும் எடுத்துரைத்தனர். 2021-இல் அது முற்றிலும் இல்லாமற் போயிற்று. இரண்டே ஆண்டுகள்! கூடி முயன்றால் ஆகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனவே ஜினாலயங்களிலும் நம் சங்கங்களிலும் சில முடிவுகள் எடுக்கலாம். ஆலயத் திருப்பணிக்கு வாங்கும் பெயின்ட் 90 பங்கு வரம்புக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்குதல். அன்னதானப் பாத்திரங்களுக்குத் தூய வெள்ளீயம் தாமே வாங்கிக் கொடுத்துப் பூசச் செய்து, பூசுபவர்க்கு உரிய கூலியும் தருதல். பழைய பேட்டரிகளைத் திரட்டி, 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அனுமதி பெற்றவரிடமே ஒப்படைத்தல். வணிகம் செய்யும் நம் பெருமக்கள் மஞ்சளையும் மசாலாவையும் சோதனைச் சான்றோடு விற்றல் ஆகியன அவை. இவற்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமன்றி, நாம் முகமறியாத பிள்ளைகளும் காக்கப்படுவர்.

எறும்பு மிதிபடாமல் நடக்கக் கற்றுக்கொடுத்த மரபு நம்முடையது. அம்மரபின் பிள்ளைகள் தவழும் தரையிலும், உண்ணும் கலத்திலும், விளையாடும் திண்ணையிலும் நம் பார்வை செல்ல வேண்டும். அடுத்த முறை கடையில் "சுத்த ஈயம்" என்று ஒருவர் சொன்னால், "எந்த ஈயம்?" என்று ஒரு வார்த்தை கேட்போம். நாம் கேட்கத் தொடங்கினால் அவரும் தமக்குக் கொடுத்தவரிடம் கேட்கத் தொடங்குவார்.